ஐந்தாம் வகுப்புக் கட்டுமரம்

என் பெயர் ஞானம். ‘பேரு பெத்த பேரு’ என்று ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கிண்டல் செய்வாள். தெலுங்குப் பழமொழியின் மீதிப் பாதியை, தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்பதை, சொல்லாமல் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்திலேயே ஞானஸ்நானம் வாங்கி, அதே பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கும் சேர்ந்தவள் நான். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் கடல் தெரியும். அப்படியும் இருபத்தைந்து வயது வரைக்கும் காசிமேட்டுக் குப்பத்துக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. “அந்தப் பக்கம் போகாதே, ஒரே கலீஜ்” என்று அம்மா சொன்னாள். நானும் போகவில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று கரும்பலகையில் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் பயிற்சிக்கு எழுதிப்போட்டவளே நான்தான். நாற்பது பிள்ளைகள் அதை நாற்பது தடவை அழகாக எழுதினார்கள். எனக்கு மட்டும் ஏறவில்லை.

நான் சொல்வது 1967-ஆம் வருஷத்துக் கதை. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், இன்னும் நிரந்தரமாகவில்லை. ஐந்தாம் வகுப்பு என்னுடையது. பிள்ளைகள் காதால் கேட்பது ஓடிவிடும், கையால் செய்வதுதான் நிற்கும் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை நான் நிஜமாகவே நம்பினேன். புளியங்கொட்டையை வைத்துப் பெருக்கல், கொட்டாங்கச்சியில் மொச்சை முளைக்கவைத்தல், களிமண்ணில் மலை, ஆறு, ஏரி என்று வகுப்பு முழுக்க மண்ணும் தண்ணீருமாகக் கிடக்கும். தலைமை ஆசிரியர் அருள்பிரகாசம் சார் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். “ஞானம் டீச்சர், இது க்ளாஸா, கொத்தனார் வேலை நடக்கிற எடமா?” என்பார். ஆனால் தடுத்ததில்லை. நல்ல மனுஷன்.

அந்த வகுப்பில்தான் அடைக்கலமேரி இருந்தாள். குப்பத்துப் பெண். வயது பத்து. ஒரு வரி எழுதினால் மூன்று பிழை இருக்கும். நான் அவளை முதலில் கவனித்ததே ஒரு அளவுப் பாடத்தில்தான். ஸ்கேல் இல்லாமல் வகுப்பறையின் நீளத்தை அளந்து சொல்லுங்கள் என்றேன். மற்றவர்கள் சாண் போட்டார்கள், அடி வைத்தார்கள், பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சண்டை போட்டார்கள். இவள் ஒரு கயிற்றை எடுத்து, இரண்டு கையையும் அகல விரித்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் அளந்து முடித்துவிட்டாள்.

“ஆறு பாகம், ஒரு மொழம், டீச்சர்.”

“பாகம்னா என்னடி?”

“இந்தக் கையிலேர்ந்து அந்தக் கை வரிக்கும் டீச்சர். கடல்ல ஆழம் பாக்கறது. இது என் பாகம். எங்க நைனா பாகம்னா கம்மியா வரும்.”

அளப்பவரின் கை மாறினால் எண் மாறும் என்பதை விளக்க நான் இரண்டு நாள் பாடம் தயாரித்து வைத்திருந்தேன். அவள் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். அன்றைக்கே எனக்கு அவள்மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் வகுப்பு முடிந்தால் அவளுக்குப் படிப்பும் முடிந்தது. அவள் அம்மா சவேரியம்மா மீன்கூடை தூக்குகிறவள். “பொட்டப் புள்ள, கையெழுத்துப் போடத் தெரிஞ்சா போதும் டீச்சர். அடுத்த வருசத்துலேர்ந்து எங்கூட கூடை தூக்கட்டும்” என்று என்னிடமே சொல்லியிருந்தாள். அதே வருஷம்தான், கன்னியர் நடத்தும் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியிலிருந்து எங்கள் பள்ளிக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். விடுதி, சாப்பாடு, புத்தகம், பதினோராம் வகுப்பு வரைக்கும் எல்லாம் இலவசம். ஒரே ஒரு பெண்ணுக்கு. பரீட்சை எதுவும் கிடையாது. அந்தப் பள்ளியின் மதர் வந்து பிள்ளைகளின் கைவேலையைப் பார்ப்பார், வகுப்பு டீச்சர் எந்தப் பெயரைச் சொல்கிறாளோ அந்தப் பெண்ணுக்கு இடம். என் நாக்கில்தான் அந்த இடம் இருந்தது. அடைக்கலமேரிக்குத்தான் என்று நான் மனதில் எப்போதோ முடிவு செய்துவிட்டேன். கேட்டபோது சவேரியம்மாவும், “சோறும் போட்டு படிப்பும் குடுத்தா நான் ஏன் வேணாங்கறேன்?” என்றாள்.

மதர் பார்ப்பதற்கான கைவேலைக் கண்காட்சிக்கு ‘நம் ஊர்ப் போக்குவரத்து’ என்று தலைப்பு வைத்தேன். லியோனார்ட் என்ற பையன் தீப்பெட்டிகளைக் கோத்து ஒரு கூட்ஸ் வண்டி செய்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவரின் மகள் ரோசி, அட்டையில் கப்பல் செய்து சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஒட்டினாள். பார்க்க ஜோராக இருந்தது. அடைக்கலமேரி கல்யாண முருங்கைக் கிளையை வெட்டி, ஆறு துண்டாகச் செதுக்கி, முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு என்று தேங்காய்நார்க் கயிற்றில் இறுக்கி ஒரு முழ நீளத்துக்குக் கட்டுமரம் செய்தாள்.

வெள்ளிக்கிழமை அதை ஒத்திகை பார்த்தோம். துணி அலசுகிற தகரத் தொட்டியில் தண்ணீர் ரொப்பி, கட்டுமரத்தை மிதக்கவிட்டு, மேலே புளியங்கொட்டைகளை ஏற்றவேண்டும். எத்தனை தாங்கும் என்று முதலில் சிலேட்டில் எழுதவேண்டும், பிறகு எண்ணிப் பார்க்கவேண்டும்.

“பத்து டீச்சர்!” என்றான் லியோனார்ட்.

“போடா, பத்து ஒரு எறும்பே தூக்கும்” என்றேன். வகுப்பே சிரித்தது.

அடைக்கலமேரி இருநூறு என்று எழுதியிருந்தாள். இருநூற்றுப் பதினான்காவது கொட்டையில்தான் தண்ணீர் மேலே ஏறியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் அருள்பிரகாசம் சார் ஓடிவந்துவிட்டார். அவர் பார்க்கட்டும் என்று மத்தியானம் மறுபடி ஒரு தடவை செய்தோம். இந்தத் தடவை நூற்று அறுபதிலேயே தண்ணீர் ஏறிவிட்டது. “ஒழுங்கா எண்ணத் தெரியாதா உங்களுக்கு?” என்று நான் கத்தினேன். அடைக்கலமேரி மட்டும் கட்டுமரத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்து, கையில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையால் செய்து கண்டுபிடியுங்கள் என்று வருஷம் முழுக்கச் சொன்ன நான், அவள் கண்டுபிடித்துக்கொண்டிருந்ததைப் பார்க்கவேயில்லை.

“திங்கக்கிழமை பத்து மணிக்கு மதர் வருவாங்க. அது வரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை மதர் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். சாரும் மதரும் நானும் வகுப்பு வாசலுக்கு வந்து நிற்கிறோம். மேஜைமேல் ரோசியின் கப்பல் பளபளக்கிறது, லியோனார்டின் கூட்ஸ் வண்டி இருக்கிறது. கட்டுமரத்தைக் காணோம். ஜன்னலோரம் வெயில் விழுகிற இடத்தில் அடைக்கலமேரி குந்தியிருக்கிறாள். அவள் முன்னால் ஆறு கட்டையும் தனித்தனியாகக் கிடக்கின்றன. கயிறு அவள் பல்லில்.

சேசுவே! எனக்குத் தலைக்குள் என்ன ஏறியதோ தெரியாது.

“என்னடி இது?”

“அவுத்துட்டேன் டீச்சர். ரெண்டே நிமிசம், கட்டிடறேன்.”

“யாரைக் கேட்டுடி அவுத்தே? தொடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“அது வந்து டீச்சர், மரம்…”

அறைந்துவிட்டேன். அவள் வாயிலிருந்த கயிறு தரையில் விழுந்தது. அறைந்ததோடு விட்டேனா? இல்லை. “குப்பத்துப் புத்தி எங்கே போகும்! ஒரு பொருளை முழுசா வெச்சிருக்கத் தெரியுதா உங்களுக்கு?” என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் கேட்டேன். உனக்கு என்று சொல்லவில்லை. உங்களுக்கு என்றேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் குப்பத்துப் பிள்ளைகள்.

“பாவம், விடுங்க டீச்சர், குழந்தைதானே” என்றார் மதர். அவர் முகம் சுருங்கிவிட்டது. பிறகு பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, கப்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நீங்க யார் பேரைச் சொல்றீங்க?” என்று கேட்டார்.

“ரோசி, மதர்” என்றேன்.

எவ்வளவு சின்னப் பெயர். சொல்லி முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பெயரை எழுதி, ஞானஸ்நானச் சான்றிதழோடு அனுப்பச் சொல்லிவிட்டு மதர் போய்விட்டார். நான் அந்த ஆறு கட்டையையும் வாரி பெஞ்சுக்கு அடியில் எறிந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. அதற்குள் என் கோபம் இறங்கிவிட்டது. எனக்கு அப்படித்தான், ஏறுவதும் சீக்கிரம், இறங்குவதும் சீக்கிரம். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, புதன்கிழமை மத்தியான இடைவேளையில் குப்பத்துக்குப் போனேன். சமாதானமாக இரண்டு வார்த்தை பேசி, இனிமேல் ஒழுங்காக இருப்பதாக அவளைச் சொல்லவைத்து, கூட்டிக்கொண்டு வந்து, பெயரை மாற்றிவிடலாம் என்றுதான் போனேன். மன்னித்துவிடப் போகிறேன் என்ற பெருமைகூட உள்ளுக்குள் இருந்தது.

கட்டுமரங்கள் கரை சேர்ந்திருந்த நேரம். அடைக்கலமேரியின் அப்பா செல்வநாதன் என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்தார். “வாங்க டீச்சர், வாங்க. வெயில்ல இவ்ளோ தூரம் வந்துகீறீங்களே” என்று சொல்லிக்கொண்டே குனிந்து, தன் கட்டுமரத்தின் முன்கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். பக்கத்தில் எல்லாரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். கயிறு தனியாக, மரம் தனியாக. ஒவ்வொரு மரத்தையும் இரண்டு பேர் தூக்கிப்போய் மணலில் போட்டார்கள்.

“ஏங்க, நல்லா இருக்கறதை ஏன் பிரிக்கறீங்க?” என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். “அய்ய, இன்னா டீச்சர், ராயபரத்து ஆளா இருந்துகினு இப்டி கேக்கறீங்கோ? தண்ணில ஊறின மரத்த கட்டியே போட்டா ஈரம் உள்ளயே நின்னுக்கும். நாளைக்கி தூக்கவும் முடியாது, எறக்கினாலும் பாதிதான் மெதக்கும். தெனம் அவுக்கணும், காய வெக்கணும், விடியக்காலைல திரும்ப கட்டணும். எங்க வூட்டுப் புள்ளைங்கோ நடக்க ஆரம்பிக்கறப்பவே இத்த தெரிஞ்சிக்குங்கோ.”

நூற்று அறுபது புளியங்கொட்டை அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். மரம்தான் தண்ணீர் குடித்துக் கனத்துப்போயிருக்கிறது. மதர் முன்னால் இருநூற்றுப் பதினான்கும் ஏறவேண்டும் என்று அந்தக் குழந்தை வெள்ளிக்கிழமை சாயங்காலமே கட்டை அவிழ்த்துக் காயவைத்திருக்கிறாள். அவளுக்கு வேண்டியிருந்தது இரண்டு நிமிஷம். அதைத்தான் அவள் என்னிடம் கேட்டாள்.

அப்பாவுக்குப் பின்னால் அவள் மணலில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்டதையும் அவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. டீச்சருக்கு இப்போது தெரிந்துவிட்டது, இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற முகம்.

“நாளைக்கு ஸ்கூலுக்கு வந்துடு” என்றேன்.

“சரி டீச்சர்” என்று சிரித்தாள்.

அந்த இடத்திலேயே, அவள் அப்பா முன்னால், நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

வியாழக்கிழமை அவள் எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, முதல் மணிக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் சார் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் காகிதம் இருந்தது. பெயர் எழுதவேண்டிய இடம் காலியாக இருந்தது.

“ரோசியோட அப்பா காலையிலேயே கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு, எனக்கு மிட்டாயும் குடுத்துட்டுப் போயிட்டாரு” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “ஏன் டீச்சர், மனசுல வேற ஏதாச்சும் யோசனை இருக்கா? நீங்க மொதல்ல அந்த அடைக்கலம் பொண்ணைத்தானே சொல்லிட்டிருந்தீங்க? இருந்தா சொல்லுங்க. பேரு இன்னும் எழுதல. மதர் கிட்ட நான் பேசிக்கறேன்.”

கதவைத் திறந்து வைத்துவிட்டு, வா என்று கூப்பிட்டார் அந்த மனுஷன். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் பெயரை மாற்றினால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால், ராயபுரத்தில் பிறந்த டீச்சருக்குக் கட்டுமரம் தெரியாது, ஒரு பாவமும் அறியாத பிள்ளையை மதர் முன்னால் அறைந்தாள் என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். என்னை நிரந்தரமாக்கச் சொல்லிப் பங்குச் சாமியாருக்குச் சிபாரிசு எழுதவேண்டியவரும் இதே சார்தான். பாதி பயம். மீதிப் பாதி, மறைப்பானேன், கௌரவம்.

“இல்லை சார். ரோசிதான்” என்றேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

ரோசி நல்ல பெண். அவளைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த இடம் கிடைக்காவிட்டாலும் அவள் அப்பா அவளைப் படிக்கவைத்திருப்பார். எனக்கு அதுவும் தெரியும்.

தெரியாமல் அறைந்ததற்கு நான் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன், சாமியாரும் மூன்று அருள் நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். தெரிந்த பிறகு கையெழுத்துப் போட்டதை அவரிடமும் சொல்லவில்லை.

பரீட்சை முடிந்தது, லீவு முடிந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்து, எனக்கு நிரந்தர உத்தரவும் வந்துவிட்டது. அதற்கப்புறம்தான், இனிமேல் பயப்பட ஒன்றுமில்லை என்ற பிறகுதான், எனக்குத் தைரியம் வந்தது. எப்பேர்ப்பட்ட தைரியம் பாருங்கள்! சவேரியம்மாவிடம் உண்மையைச் சொல்லி, அவள் காறித் துப்பினாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று ஒரு சனிக்கிழமை குப்பத்துக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சவேரியம்மா என்னைக் கண்டதும் பதறிப்போனாள். முந்தானையால் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டாள். யாரையோ விரட்டி கோலி சோடா வாங்கிவரச் செய்தாள். வாசலுக்குப் பக்கத்தில் அடைக்கலமேரி கூடையில் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பாவாடையை வரிந்து கட்டியிருந்தாள். தலையில் சும்மாடு வைத்த அடையாளம் தெரிந்தது.

“சவேரியம்மா, நான் ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன். அன்னைக்கு ஸ்கூல்ல…”

“ஐயோ, நீங்க ஒண்ணுமே சொல்ல வேணாம் டீச்சர்!” அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எல்லாம் தெரியும். ரோசியோட அம்மா சொல்லிச்சு. நீங்க இவளுக்குத்தான் சீட்டு வெச்சினு இருந்தீங்களாம், இந்த மூதேவி மதர் வர்ற நேரத்துல கட்டுமரத்த ஒடச்சிப் போட்டு உங்க மானத்த வாங்கிட்டாளாம். ஏண்டி ஒடச்சேன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்றா. அவ நைனா கையால வாங்கின அடி கொஞ்ச நஞ்சமில்ல. அப்பக்கூட ஒரு வார்த்த சொல்லல, கல்லுளிமங்கி.”

அவள் சொல்லவில்லை. அவிழ்த்துக் காயவைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீட்டில் யாரும் அவளை அடித்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் புரிந்திருக்கும். ஆனால் டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று ஊர் சிரித்திருக்கும். பத்து வயதுக் குழந்தை என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு அடி வாங்கியிருக்கிறாள்.

“ஏய் அடைக்கலம்! இங்க வா. டீச்சர் வூடு தேடி வந்துகீறாங்கோ. மன்னிப்பு கேளு!”

அவள் எழுந்து வந்தாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் நின்று என்னை நேராகப் பார்த்தாள். எனக்காகத்தான் பேசாமல் நின்றாள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறந்து சொல்வதற்கு இடம் விட்டு நின்றாள். அன்றைக்கு அவள் கேட்ட இரண்டு நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை. அவள் எனக்குக் கொடுத்தாள்.

“கேளுடி!” என்று சவேரியம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

“மன்னிச்சிக்கோங்கோ டீச்சர். நான்தான் ஒடச்சிட்டேன்.”

நான் அவள் தலையில் கை வைத்தேன்.

“பரவாயில்லைம்மா. டீச்சர் எப்பவோ மன்னிச்சிட்டேன்” என்றேன்.

சவேரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாத்தியாடி, இன்னா பெரிய மனசு!” என்றாள். அடைக்கலமேரி திரும்பிப் போய்க் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் சோடாவைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.